அந்தப் பேருக்கு ஆள் உண்டு

ஜனவரி 9

பையன்.

வண்டி சாத்தூரை நெருங்கிக்கொண்டிருந்தபோது மச்சான் சுயம்புலிங்கம் கைபேசியில் கூப்பிட்டார். “மாப்ளே, ஆம்பளப் பிள்ள. தாயும் பிள்ளையும் சொகமா இருக்காவ” என்றார். டிக்கெட் மிஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி அதைத் திரும்பச் சொன்னேன். நின்றுகொண்டு வந்த ஒரு பெரியவர் கைதட்டினார். சாத்தூர் நிலையத்தில் ஓட்டுநர் செல்லையா அண்ணன் காராச்சேவு வாங்கிவந்து முதல் சீட்டிலிருந்து கடைசி சீட்டு வரை கொடுக்கச் சொன்னார். என் கண்டக்டர் வாழ்க்கையில் பயணிகளிடம் வாங்காமல் கொடுத்தது இன்றைக்குத்தான்.

என் மனைவி அஜிதாவுக்கு அப்பா அம்மா கிடையாது. வளர்த்து ஆளாக்கியது அவள் அண்ணன்தான். அதனால் முதல் பிரசவம் நாகர்கோவிலில் அண்ணன் வீட்டில். நான் இங்கே கோவில்பட்டியில். இதுதான் முறை, இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிள்ளையை முதலில் கையில் வாங்கியது யார் என்று கேட்டேன். “நான்தான் மாப்ளே” என்றார் மச்சான். கேட்டிருக்க வேண்டாம்.

ஜனவரி 12

வார ஓய்வு. நாகர்கோவில் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தேன். நெற்றி என் அப்பாவின் நெற்றி. மூக்கைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

பிள்ளையை ஏந்திக்கொண்டு வந்தது மச்சான். அவர் மைக்செட் வைத்திருப்பவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடை, கல்யாணம், பொதுக்கூட்டம் எதுவானாலும் அவருடைய குழாய்தான் கட்டுவார்கள், அறிவிப்பும் அவரேதான். குரல் அப்படி. சோதனைக்கு ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணினால்கூட ஜனங்கள் நின்று கேட்பார்கள். எனக்கும் குரல் உண்டு. ஆனால் என் குரலைக் கேட்டு யாரும் நிற்பதில்லை, ஓடிவந்து ஏறுவார்கள்.

“இந்தா பாரு, யாரு வந்திருக்கா? அப்பா வந்திருக்காவ. எழினீ...” என்றார்.

பிள்ளை கண்ணைத் திறந்தது.

“என்னது?” என்றேன்.

“பேரு மாப்ளே. எழினி. எப்படி இருக்கு?”

“அதுக்குள்ள பேரு வச்சாச்சா?”

“சேச்சே. சும்மா கூப்பிட்டுப் பாத்தேன். ஒங்களுக்குப் பிடிச்சாத்தான்.”

கட்டிலில் இருந்து அஜிதா, “நல்லா இருக்குல்லா அத்தான்? நீங்க ஒரு தடவ கூப்பிடுங்களேன்” என்றாள்.

நான் கூப்பிட்டேன். “எளினி.”

மச்சானின் மனைவி ஜெயக்கொடி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அஜிதா தையல் வலியோடு சிரித்தாள். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. கேட்காதவர் மாதிரி பிள்ளையின் துணியைச் சரிசெய்தார். அவரும் சிரித்திருந்தால் பரவாயில்லை.

ஜனவரி 13

எங்கள் பக்கம் யாருக்கு அந்த எழுத்து வருகிறது? எங்களுக்கு வாழைப்பழம் ‘வாளப்பளம்’தான். அதே ருசிதான். தினமும் திருநெல்வேலியிலிருந்து வண்டி கிளம்பியதும் ‘தாளையூத்து, தாளையூத்து’ என்றுதான் கூவுகிறேன். ஒருத்தராவது இறங்காமல் கங்கைகொண்டான் வரை போனதுண்டா? கிடையாது.

ஜனவரி 20

பெயர் தேடித் தருகிற ஓர் இணையப் பக்கத்தில் பார்த்தேன். எழினி என்றால் திரைச்சீலையாம். என் மகனுக்குத் திரைச்சீலை என்று பெயர் வைக்கப் பார்க்கிறார்கள். பாலினம் என்ற இடத்தில் பெண் என்று போட்டிருந்தது. பிரபலம் என்ற இடத்தில் ஐந்து நட்சத்திரங்கள் வரைந்து, அதில் ஒன்றில் மட்டும் பாதிக்கு வண்ணம் அடித்திருந்தது. உச்சரிப்பைக் கேட்க ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினேன். யாரோ ஒரு வெள்ளைக்காரி ‘எஸ்ஹினி’ என்றாள். திரும்பத் திரும்ப அமுக்கினேன். இவ்வளவு ஆறுதலான குரலைச் சமீபத்தில் நான் கேட்டதில்லை.

உடனே மச்சானைக் கூப்பிட்டேன்.

“மச்சான், அது பொம்பளப் பிள்ளைக பேருன்னு போட்டுருக்கே.”

“இப்ப அவியளுக்கும் வைக்காவ மாப்ளே. ஆனா அது பழைய ராசா பேரு. அதியமான் வம்சம்.”

“திரைச்சீலைன்னு வேற அர்த்தமாம்.”

“ஆமா. அதுதான எனக்கு ரொம்பப் பிடிச்சது” என்றார். நாடக மேடையில் அறிவிப்புச் சொல்லிவிட்டு ஓரமாக நிற்கும்போது திரை அசைவதைப் பார்க்க வேண்டுமாம், அதற்கு ஈடு கிடையாதாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதைக் கேட்டாலும் இந்த மனுஷனிடம் ஒரு பதில் இருக்கிறது.

பிப்ரவரி 2

குளியலறையில் நாக்கை மடக்கி, நீட்டி, அண்ணத்தில் ஒட்டி எல்லாம் பார்த்தாகிவிட்டது. அம்மா கதவைத் தட்டி, “எய்யா, பல்லு வலிக்கா? கிராம்பு தரட்டா?” என்றாள்.

பிப்ரவரி 19

நாகர்கோவில். பிள்ளை நன்றாக முகம் பார்க்கிறான். நான் மடியில் வைத்துக்கொண்டு என்னென்னவோ சொன்னேன். சொடக்குப் போட்டேன். விசில்கூட ஊதினேன், டூட்டி விசில், மெதுவாகத்தான். என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம். “எழினி என்ன செய்யுதான்?” என்று ஒரு குரல். அவ்வளவுதான். பிள்ளையின் தலை வாசல் பக்கம் திரும்பியது. கால் இரண்டும் உதைத்துக்கொண்டன. சிரிப்பு வேறு.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எழுதியே விடுகிறேன், இது என் நோட்டுதானே. வாரத்துக்கு ஒரு நாள் போய் வருகிற நான் அவனுக்கு ஒரு சட்டைப் பொத்தான். அவர்தான் ஆள். என் பிள்ளை என் குரலைக் கேட்டுத் திரும்ப வேண்டும், வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது மச்சான் என்னைத் தனியாக அழைத்துப்போய், “நாக்க மேல மடக்கி, லேசா உள்ளுக்கு இழுக்கணும் மாப்ளே. காத்து மட்டும் வரணும். ரெண்டு நாள்ல வந்துரும்” என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் எரிகிறது.

மார்ச் 5

அந்தப் பேர் நாகர்கோவிலில் பிரபலமாகிவிட்டது. இன்று நான் அந்தத் தெருவில் நுழைந்ததும் பூக்காரம்மா, “எழினிக்க அப்பாவா? வாங்க வாங்க” என்றார். பால்காரர் வண்டியை நிறுத்தி, “எழினி நேத்து ராத்திரி நல்லா ஒறங்கினானா?” என்று என்னிடம் கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? பேர் சூட்டவே இல்லை, அதற்குள் ஊருக்கே தெரிகிறது. எல்லோரும் அந்த எழுத்தைத் தண்ணீர் குடிக்கிற மாதிரி சொல்கிறார்கள்.

மார்ச் 11

அஜிதாவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். எங்கள் வழக்கப்படி மூத்த பையனுக்கு என் அப்பாவின் பேர்தான் வைக்க வேண்டும்: வெயில்முத்து. அதுவும் ஒன்றும் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பேர் இல்லை.

“மாமா பேரா? மாமா பேர நான் எப்பிடி வாயால சொல்லுவேன்?” என்றாள்.

“எங்க அம்மா அவளோட மாமனார் பேரச் சொல்லாமலே என்னைய வளக்கலையா?”

“அப்ப ஒங்களுக்கும் ஒங்க தாத்தா பேரத்தான வச்சிருக்கணும்? ஒங்களுக்கு ஏன் தங்கமாரியப்பன்னு வச்சிருக்கு?”

பிறகு அவளே, “ஒங்க அப்பா பேர ரெண்டாவது பேரா வச்சிருவோம் அத்தான். கூப்பிடுறதுக்கு எழினி. சரியா?” என்றாள். சரி என்றேன். சரி என்று சொன்னது உண்மை.

ஏப்ரல் 5

மூன்றாம் மாதம். பிள்ளையும் தாயும் இன்று கோவில்பட்டிக்கு வந்துவிட்டார்கள். பேர் சூட்டுவதும் இன்றுதான்.

மச்சான் வேனில் குழாய்களோடு வந்து இறங்கினார். யார் கேட்டது? வேப்பமரத்தில் ஒன்று, எதிர்வீட்டு மாடியில் ஒன்று என்று கட்டினார். காலையிலிருந்து பாட்டு. எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீசில் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். தொட்டில் சேலை அவர் எடுத்தது. இடுப்புக்கொடி அவர் எடுத்தது. பிள்ளையைத் தொட்டிலில் போட்டது அவர். தாய்மாமன் முறை என்று ஒன்று இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. அப்பாவுக்கு என்ன முறை என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன். பந்தி விசாரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மச்சான் மைக்கைப் பிடித்து, “இப்போது நமது குழந்தைக்குப் பெயர் சூட்டுதல். பெயரை அப்பாதான் சொல்லணும். அவர்தான் சொல்லணும்” என்றார். என்னிடம் மைக்கை நீட்டினார்.

வெட்கம் கெட்டவன் நான், அந்த நொடி வரை ‘எளினி’ என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். முன்வரிசையில் அஜிதாவின் நாகர்கோவில் சொந்தக்காரர்கள். இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். சிரிப்புக்குத் தயாராக இருந்தார்கள். மச்சான் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி நாக்கை மடக்கிக் காட்டினார். சின்னப் பிள்ளைக்குக் காட்டுவது மாதிரி.

“வெயில்முத்து” என்றேன்.

குழாய் இரண்டும் அதைச் சொல்லின. தெரு முனை வரை போயிருக்கும். அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அஜிதா என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயக்கொடி அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார்.

மச்சான் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். சண்டைதான் என்று நினைத்தேன். சண்டை வந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “குழந்தையின் பெயர் வெயில்முத்து. தாத்தாவின் பெயர் தாங்கிய வெயில்முத்து. வெயில்முத்து நீடூழி வாழ்க” என்றார். அந்தக் குரலில் என் அப்பாவின் பேர் எவ்வளவு நன்றாக இருந்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் குழாய்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏப்ரல் 6

வழக்கம் வழக்கம்தான். நான் செய்ததில் தப்பில்லை.

ஏப்ரல் 18

வெயில்முத்து என்ற பேரை வீட்டில் யாரும் சொல்வதில்லை என்பதை இன்றுதான் கவனித்தேன். அம்மா தன் புருஷன் பேரை ஒரு நாளும் சொன்னவள் இல்லை. “எய்யா”, “சின்னவரே” என்கிறாள். அஜிதாவுக்கு மாமனார் பேர். “தம்பி” என்கிறாள், “சாமி” என்கிறாள்.

தடுப்பூசி போடப் போயிருந்தோம். நர்ஸ் நோட்டை வைத்துக்கொண்டு, “பிள்ளை பேர் என்னம்மா?” என்றார். அஜிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்தேன். “உச்சி நேரத்துல வெளிய போனா சுடும்லா, அது. அதுக்குப் பொறவு முத்து” என்றாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில், “நீ காலேஜ் படிச்சவதான? இதென்ன கூத்து?” என்று கேட்டேன்.

“மரியாதை அத்தான். ஒங்க வீட்டு வழக்கம்தான?” என்றாள். குரலில் ஒரு சிரிப்பும் இல்லை.

ஆக, என் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் நான். நான் கேட்டதும் இதுதானே. ஆனால் விடிவதற்கு முன் வண்டிக்குப் போய்விட்டு விளக்கு வைத்த பிறகுதான் வருகிறேன். வந்து “வெயில்முத்து” என்றால் பிள்ளை விளக்கைப் பார்க்கிறான்.

மே 7

மச்சான் என் கைபேசிக்குக் கூப்பிடுவதில்லை. அஜிதாவுக்கு மட்டும் கூப்பிடுகிறார், நான் டூட்டிக்குப் போன பிறகு. இன்று டயர் பஞ்சராகி மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். உள்ளே அவர் குரல். ஸ்பீக்கரில் போட்டுப் பிள்ளையின் பக்கத்தில் வைத்திருந்தாள். கையும் களவுமாகப் பிடிக்கலாம், அந்தப் பேரைச் சொல்லித்தானே கொஞ்சுகிறார் என்று வாசலிலேயே நின்று கேட்டேன்.

“மருமவனே... ஏ மருமவனே... பாலு குடிச்சாச்சா?”

அவ்வளவுதான். கடைசி வரை எழினி என்றும் சொல்லவில்லை, வெயில்முத்து என்றும் சொல்லவில்லை. பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தான். நான் ஏமாந்துபோய்த் திரும்பவும் தெருவுக்கு வந்து ஒரு டீ குடித்தேன்.

மே 26

கயத்தாறில் ஒரு பெண் கைப்பிள்ளையோடும் ஒரு சின்னப் பையனோடும் ஏறினாள். பையன் படிக்கட்டுப் பக்கம் ஓடினான். “ஏல எளினி, இங்கிட்டு வா!” என்று கத்தினாள். என்னை மாதிரியேதான் சொன்னாள். பையன் டக்கென்று திரும்பினான், ஓடி வந்தான். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

“யாரு வச்ச பேரும்மா?” என்று கேட்டேன்.

“அவங்க அப்பா.”

“ஊருல வேற பேரே கெடைக்கலையா?” என்று கேட்டுவிட்டேன். அவள் திகைத்துப்போய்ப் பார்த்தாள். செல்லையா அண்ணன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கோவில்பட்டி வந்து அவள் இறங்கும் வரை எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்று தூக்கிப்போட்டது நான்தான். தெரியும். அதற்காக அதை வேறொருத்தன் எடுத்து அவன் பிள்ளைக்கு வைத்துக்கொள்வதா? அந்த அப்பனை நேரில் பார்க்க வேண்டும் போல இருந்தது.

ஜூன் 14

பாத்திரம் விளக்கிக்கொண்டே அஜிதா ஒரு செய்தி சொன்னாள். நாகர்கோவிலில் அவர்கள் எதிர்வீட்டில் பையன் பிறந்திருக்கிறான். அந்த வீட்டுக்காரர் மச்சானிடம் வந்து, “எழினின்னு நீங்க வைக்கலைல்லா, அந்தப் பேர நாங்க வச்சுக்கிடலாமா?” என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன் மச்சான். “அந்தப் பேருக்கு ஆளு உண்டு மக்கா” என்று சொல்லிவிட்டாராம். எதிர்வீட்டுக்காரர் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. “எந்த ஆளு? நம்ம பையனா?” என்றேன்.

அவள் குழாயை மூடினாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணனும் மதினியும் கல்யாணமான புதுசுலயே எடுத்து வச்ச பேரு அது. அவியளுக்குப் பொறக்கப் போற பிள்ளைக்கு. ரெண்டு தடவ உண்டாயி நிக்கல. பொறவு எத்தனையோ ஆஸ்பத்திரி. நான் உண்டாயிருக்கேன்னு சொன்ன அன்னைக்கு மதினிதான் சொன்னாவ, ‘இனி இந்தப் பேர நாங்க வச்சிருந்து என்ன செய்ய, நீ வச்சுக்க’ன்னு. அதச் சொல்லுறதுக்குள்ள அவிய பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

“இத ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?”

“அண்ணன் சொல்லக் கூடாதுன்னுட்டாவ. ‘மாப்ள பாவம் பாத்து வைக்கக் கூடாது, பேரு பிடிச்சு வைக்கணும்’னாவ.”

பிறகு அவள் பாத்திரம் விளக்கப் போய்விட்டாள்.

ஜூன் 15

வண்டியில் நல்ல கூட்டம். வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 24

காது குத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது. ஆடி பிறப்பதற்கு முன், ஜூலை பத்து. எங்கள் குலதெய்வம் அய்யனார் கோயிலில். முடி இறக்கிக் காது குத்துவது தாய்மாமன் மடியில். வேறு மடி கூடாது.

தாய்மாமனை நேரில் போய், வெற்றிலை பாக்குப் பழம் வைத்து அழைக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னால் அது அழைப்பில்லை. அம்மா தட்டுக்கூட எடுத்து வைத்துவிட்டாள்.

ஜூலை 3

நாகர்கோவில் போக முடியவில்லை. லீவு கிடைக்கவில்லை.

செல்லையா அண்ணனிடம் இதைச் சொன்னேன். “நீ லீவு கேட்டதாவே தெரியலையே மாரி?” என்றார். அவருக்கு எல்லாம் தெரிய வேண்டும்.

ஜூலை 7

வார ஓய்வு. திருநெல்வேலி வரை போனேன். நாகர்கோவில் வண்டி நின்றுகொண்டிருந்தது. பையில் வெற்றிலையும் இருந்தது. ஏறவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த அக்கா முன்னால் நிற்பது? அல்வா வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அஜிதா, “அண்ணன அழைச்சாச்சா?” என்றாள். போனில் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அவள் அல்வாப் பொட்டலத்தைத் தொடவில்லை.

ஜூலை 9

போனிலும் சொல்லவில்லை.

ஜூலை 10

அய்யனார் கோயில். ஊருக்கு வெளியே கண்மாய்க் கரை. பொங்கல் வைத்தாகிவிட்டது, நாவிதர் வந்துவிட்டார், ஆசாரி வந்து துணியை விரித்து உட்கார்ந்துவிட்டார். “தாய்மாமன் எங்க?” என்றார். அஜிதா பிள்ளையோடு ஒரு மரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். “மாமன் முறையில வேற யாராவது உக்காரட்டுமே” என்றார் ஆசாரி. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

போன் செய்யலாம் என்று கையில் எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தேன். பஸ் நிறுத்தத்தில் ஒரு டீக்கடை. மச்சான் நின்றுகொண்டிருந்தார். புது வேட்டி. பக்கத்தில் பெஞ்சில் ஜெயக்கொடி அக்கா, மடியில் துண்டு போட்டு மூடிய தாம்பாளம். தாம்பாளத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு பட்டுச் சட்டை தெரிந்தது. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, “இவுகளுக்குச் சொல்லுங்க அண்ணாச்சி. வெடிஞ்சதுல இருந்து இங்கதான் நிக்காக. கோயில் அந்தா இருக்குன்னாலும் போக மாட்டேங்காக” என்றார்.

“ஏன் மச்சான் இங்க நிக்கீங்க?” என்றேன்.

“அழைக்காம எப்படி மாப்ளே உள்ள வர?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “வராம வீட்டுலயும் இருக்க முடியல.”

பேசத் தெரிந்தவன் என்றால் மன்னிப்புக் கேட்டிருப்பான். என் கையில் வெற்றிலைகூட இல்லை, போன்தான் இருந்தது. டீக்கடையில் தொங்கிய வாழைத்தாரிலிருந்து இரண்டு பழத்தைப் பிய்த்தேன். கடைக்காரர் தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து நாலு வெற்றிலையும் பாக்கும் எடுத்து என் கையில் வைத்தார். இரண்டு கையாலும் மச்சானிடம் நீட்டினேன்.

“வாங்க மச்சான். எளினிக்கு ஒங்க மடி வேணும். அக்கா, நீங்களும் வாங்க.”

மச்சான் வாங்காமல் நின்றார். “யாருக்கு?” என்றார்.

“எளினிக்கு. எனக்கு அம்புட்டுத்தான் வரும். அப்பா பேரு பள்ளிக்கூடத்துல இருக்கட்டும். வீட்டுல இதுதான்.”

ஜெயக்கொடி அக்கா தாம்பாளத்தின் மேல் குனிந்து அழுதார். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க. இவ்வளவு குரல் உள்ள மச்சானுக்கு அந்த நேரத்தில் ஒரு சத்தமும் வரவில்லை. வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். கோயில் வாசலில், “அஜிதா, எளினியத் தூக்கிட்டு வா, மாமா வந்துட்டாக” என்று கூவினேன். கண்மாய்க்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். நாகர்கோவிலில் இருந்து வேறு யாரும் வரவில்லை, வந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

பிள்ளை அவரைப் பார்த்ததும் தாவினான். எனக்கு மறுபடியும் சுருக்கென்றது. இவ்வளவு ஆன பிறகும் அது போகவில்லை, என்ன செய்ய. அவர் மடியில் உட்கார்ந்து முடி இறக்கும்போது ஒரு முணுமுணுப்பு இல்லை. ஆசாரி வலது காதைக் குத்தினார். பிள்ளையின் உடம்பு ஒரு முறை தூக்கிப்போட்டது, அழவில்லை. இடது காது. உதடு கோணியது, கண் நிறைந்தது, அப்போதும் அழவில்லை. “எழினி, முடிஞ்சுபோச்சு மக்கா, முடிஞ்சுபோச்சு” என்று மச்சான் சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மொட்டைத் தலையைத் திருப்பித் திருப்பிக் கூட்டத்தில் யாரையோ தேடினான். அம்மாவைத் தேடுகிறான் என்று நினைத்தேன். அஜிதா பக்கத்திலேயேதான் இருந்தாள்.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினான். இரண்டு கையையும் நீட்டினான். நான் வாங்கினேன். என் தோளில் முகம் பட்டதுதான் தாமதம், அடக்கி வைத்திருந்த அழுகை அத்தனையும் வெடித்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“அங்கன அழாம, தகப்பன்கிட்ட வந்து பிராது சொல்லுதான் பாரு” என்று ஆசாரி சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

மச்சான் சிரிக்கவில்லை. மடியில் விரித்த துண்டு அப்படியே இருந்தது, முடி சிதறிக் கிடந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அது பொறாமைதான். எனக்குத் தெரியாதா அந்தப் பார்வை?

பிள்ளையை அவரிடம் திருப்பி நீட்டியிருக்கலாம். நீட்டத்தான் வேண்டும், பிறகு நீட்டவும் செய்தேன். ஆனால் உடனே இல்லை. “எளினி, அழாத, எளினி” என்று முதுகைத் தட்டிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நானே வைத்திருந்தேன்.